பானெட்டைத் திறக்கும் முன் மேட்டிங்கைத் தூக்குங்கள்: பழைய காரை வைத்துக்கொள்வதா, விடுவதா?

15 வயதை நெருங்கும் ஒரு சான்ட்ரோ ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. மெக்கானிக் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறார்: கிளட்ச் செட், முன்பக்க லோயர் ஆர்ம் இரண்டு, ரேடியேட்டர், ஏ.சி. கூலிங் காயில், கூலி. கூட்டிப் பார்த்தால் 48,000 ரூபாய். வண்டியை அப்படியே விற்றால் 90,000 வரும் என்று வைத்துக்கொள்வோம். "பாதி விலைக்கு மேல் ரிப்பேரா, தள்ளிவிடு" என்பார் வீட்டில் ஒருவர். "இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு சார், செஞ்சிடுங்க" என்பார் மெக்கானிக். இருவர் சொல்வதும் அரைக் கணக்குதான்.

பாதி விலைக்கு மேல் செலவு வந்தால் விற்றுவிட வேண்டும் என்ற கணக்கு எங்கிருந்து வந்ததோ, பழைய காருக்கு அது பொருந்தாது. காருக்கு வயதாக ஆக அதன் விலை இறங்கிக்கொண்டே போகும், கிளட்ச் பிளேட்டின் விலை இறங்காது. ஆகவே ஒரு கட்டத்துக்குப் பிறகு எந்த ரிப்பேரும் பாதி விலையைத் தொடும்; கணக்கு எப்போதும் "விற்றுவிடு" என்றே சொல்லும். 90,000 என்பது வாங்குபவர் உங்கள் காருக்குத் தரும் விலை. அதே 90,000-ஐக் கையில் வைத்துக்கொண்டு இதே நிலையில் இன்னொரு கார் தேடிப் பாருங்கள். கிடைப்பது பெரும்பாலும் இதைவிட மோசமாக இருக்கும்.

மெக்கானிக்கின் வாதத்தில் வேறொரு ஓட்டை. இன்ஜின் நன்றாக இருப்பது நல்ல செய்திதான், ஆனால் பழைய சிறிய காரைக் கடைசியில் காயலான் கடைக்கு அனுப்புவது பெரும்பாலும் இன்ஜின் அல்ல. இன்ஜினைப் பிரித்துக் கட்டலாம், வேறு இன்ஜின் கூட வைக்கலாம். தகடு அரித்துப்போனாலோ காகிதம் கெட்டுப்போனாலோ அப்படி எளிதில் மாற்ற முடியாது. அதனால் பரிசோதனையைக் கீழிருந்து தொடங்குவதே சரி.

தகடுதான் எலும்பு

பொலேரோ, சுமோ மாதிரி வண்டிகளுக்கு அடியில் தனிச் சேசிஸ் உண்டு. ஆல்டோ, சான்ட்ரோ, ஸ்விஃப்ட், இண்டிகாவுக்கு அது கிடையாது. மடித்து வெல்டு செய்த தகடுதான் அவற்றின் எலும்புக்கூடு. அதில் பெரும்பகுதி ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாதது. சஸ்பென்ஷன் மாட்டியிருப்பதும், சீட் பெல்ட் பிடித்திருப்பதும், ஜாக்கி தாங்குவதும் அந்தத் தகட்டில்தான்.

முன்சீட்டுக்குக் கீழே உள்ள மேட்டிங்கை, அதாவது தரை விரிப்பை, ஓரத்திலிருந்து உரித்துத் தூக்குங்கள், முதலில் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டின் அடியில். ஏ.சி.யிலிருந்து தண்ணீர் வெளியேறும் சிறு குழாய் தூசியால் அடைத்துக்கொண்டால், சொட்ட வேண்டிய நீர் வெளியே போகாமல் அந்தப் பக்கத்துத் தரையில்தான் இறங்கும். மேலே பிளாஸ்டிக் மேட் காய்ந்து கிடக்கும். அடியில் உள்ள பஞ்சு மாதக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் பஞ்சையும் தூக்கிவிட்டுத் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தவும். பழுப்புத் தூள் மட்டும் கையில் வந்தால் மேல்துரு. தேய்த்து, துரு எதிர்ப்புப் பிரைமர் அடித்துக் காப்பாற்றிவிடலாம். அப்பளம் போலச் செதில் செதிலாகப் பெயர்ந்தால் தகடு மெலிந்துவிட்டது, அந்தப் பகுதியை வெட்டி எடுக்க வேண்டும். விரல் உள்ளே போனால், அல்லது ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டும்போது 'ணங்' என்று வராமல் 'பொத்' என்று வந்தால், கீழே ஓட்டை இருக்கிறது அல்லது சீக்கிரம் விழப்போகிறது.

தரையில் ஓட்டை என்பதால் மட்டும் காரை விட்டுவிட வேண்டியதில்லை. தரை தட்டையான பாகம். துருவேறியதை நல்ல தகடு வரும்வரை வெட்டிவிட்டு, அதே கனத்தில் புதுத் தகடு வைத்து வெல்டு செய்து, இணைப்பில் சீலர் பூசி, அடியில் கோட்டிங் அடித்தால் பல வருடம் நிற்கும். பயப்பட வேண்டிய இடங்கள் வேறு. பானெட்டைத் திறந்தால் முன் ஷாக் அப்சார்பர்களின் தலை போல்ட் போட்டு நிற்கும் இடம், அதாவது டிங்கர்கள் ஏப்ரன் என்று சொல்லும் பகுதி. கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதி. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மும் பின் ஆக்சிலும் உடம்போடு சேரும் இடங்கள். இங்கே செதில் துரு வந்திருந்தால் 48,000 சீட்டை மடித்துப் பையில் வைத்துவிடுங்கள். புது லோயர் ஆர்மை அரித்த தகட்டில் மாட்டினால், ஒரு பள்ளத்தில் விழும்போது கையோடு வருவது தகடுதான்.

சோதிக்க எளிய வழி ஜாக்கி. காருக்குக் குறித்த ஜாக்கி பாயிண்டில் வைத்து ஏற்றும்போது சக்கரம் எழும்பாமல் தகடு 'முறுக்' என்று நசுங்கினாலோ, ஏற்றிய நிலையில் கதவு இழுத்துப் பிடித்தாலோ, பெட்டிப் பகுதியில் வலு இல்லை. புது பெயின்ட் பளபளத்தால் ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ஓட்டிப் பாருங்கள். பட்டி கனமாகப் பூசிய இடத்தில் காந்தம் பிடிக்காது. துருவின் மேலேயே பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் ஒரு மழைக்காலம் தாண்டுவது சிரமம். உள்ளே அரிப்பு நடந்துகொண்டே இருக்கும், வெளியே கொப்புளம் எழும்போதுதான் தெரியவரும்.

கடலையொட்டி நிற்கும் வண்டிக்கு இதெல்லாம் முன்கூட்டியே வரும். தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ வெட்டவெளியில் 10 வருடம் நின்ற காரும், கோவையில் போர்ட்டிகோவுக்குள் 15 வருடம் நின்ற காரும் ஆர்.சி. புத்தகத்தில்தான் 5 வருட வித்தியாசம் காட்டும். அடியில் படுத்துப் பார்த்தால் மூத்தது எது, இளையது எது என்பது மாறிவிடும்.

வெள்ளத்தில் மூழ்கிய கார் தனி இனம். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற வண்டிகளில் இன்றைக்கும் ஓடுபவை உண்டு. தண்ணீர் சீட் உயரத்தோடு நின்றிருந்தால் கழுவி உலர்த்திப் பிழைக்கவைக்கலாம். டேஷ்போர்டைத் தொட்டிருந்தால் வயரிங் இணைப்புகளில் பச்சை பூக்கும். இன்று ஹார்ன் அடிக்காது, அடுத்த மாதம் பெட்ரோல் பம்ப் நிற்கும், எந்த மெக்கானிக்காலும் முடிவு சொல்ல முடியாது. அப்படிப்பட்ட காருக்கு இன்ஜின் செலவு செய்வது வீண்.

இன்ஜினுக்கு ஒரு மணி நேரம்

தகடு தேறிவிட்டால் பிறகு பானெட். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஒரு குப் நீலப்புகை வந்து நின்றுவிட்டால், வால்வு ஸ்டெம் சீல் கடினமாகி, இரவெல்லாம் ஆயில் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது. இது சிறிய வேலை, அவசரமும் இல்லை. ஓடும்போது ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க நீலப்புகை தொடர்ந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அப்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். ஓடும் இன்ஜினிலிருந்து புகை குப்குப்பென்று வந்தால் சந்தேகம் வலுக்கிறது. வெள்ளைப் புகை இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல், லேசான இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் எரிகிறது. ஆயில் மூடிக்குள் காபி நிறத்தில் க்ரீம் படிந்திருந்தாலும் அதே சந்தேகம்தான். ஆனால் தினம் 2 கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரில் வெறும் ஈரத்தாலும் அந்தக் க்ரீம் கொஞ்சம் படியும் என்பதை நினைவில் வைக்கவும்.

கண்ணால் பார்த்ததை உறுதிசெய்ய கம்ப்ரஷன் டெஸ்ட் ஒன்று போதும். இன்ஜினைச் சூடாக்கி, எல்லா பிளக்கையும் கழற்றி, பெட்ரோல் வராமலும் ஸ்பார்க் வராமலும் இணைப்பைத் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று ஸ்டார்ட்டர் அடிக்க வேண்டும். பேட்டரி பலவீனமாக இருந்தால் அளவு பொய் சொல்லும். சிறிய பெட்ரோல் இன்ஜின்களில் 12 கிலோ, அதாவது 170 பி.எஸ்.ஐ. அளவில் காட்டினால் நல்ல நிலை. அந்த எண்ணைவிட முக்கியமானது சிலிண்டர்களுக்கு நடுவில் உள்ள வித்தியாசம். 1 கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் அந்த சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அடிக்கவும். அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு பக்கம் கோளாறு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டரும் ஒன்றாகக் குறைந்திருந்தால் அவற்றுக்கிடையே ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் வைக்கும் அடைப்புத் தகடு, போயிருக்கும்.

இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாமல் "இன்ஜின் வேலை" என்ற ஒற்றைச் சொல்லுக்குத் தலையாட்டக் கூடாது. ஸ்டெம் சீல், வால்வு லேப்பிங், கேஸ்கட் என்று ஹெட்டோடு முடியும் வேலைக்கும், இன்ஜினை இறக்கி, பிளாக்கை லேத்துக்கு அனுப்பி ரீபோர் செய்து (சிலிண்டரைக் கடைந்து), பிஸ்டன் செட், பேரிங், ஆயில் பம்ப் என்று போகும் வேலைக்கும் செலவில் பல மடங்கு வித்தியாசம். 1,000 கிலோமீட்டருக்கு 1 லிட்டருக்கு மேல் ஆயில் குடித்தால்தான் முழு வேலையைப் பற்றி யோசிக்க வேண்டும். 1,000-க்கு 300 மில்லி குடிக்கும் பழைய இன்ஜினுக்கு நல்ல மருந்து, டிக்கியில் ஒரு ஆயில் கேன்.

தமிழ்நாட்டுக் கார்களில் இன்ஜின் கெடுவதற்குத் தேய்மானத்தைவிடத் தண்ணீரே அதிகக் காரணம். ரேடியேட்டரில் கூலன்ட் குறைந்தால் பெட்ரோல் பங்கிலோ வீட்டிலோ குழாயைத் திறந்து போர் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். அந்த உப்பு சூட்டில் படிந்து ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைக்கும், தெர்மோஸ்டாட்டைச் சிக்கவைக்கும், வாட்டர் பம்ப் இறக்கையை அரிக்கும். ஒரு மதிய நேர டிராஃபிக்கில் ஊசி சிவப்புக்கு ஏறும். அலுமினிய ஹெட் ஒரே ஒரு முறை நன்றாகச் சூடேறினாலும் வளையக்கூடும். ஹெட்டைக் கழற்றினால், நேர் விளிம்புள்ள இரும்புப் பட்டையை வைத்து இடைவெளியில் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டுப் பார்க்காமல் மாட்டவே விடாதீர்கள், 0.05 மில்லிமீட்டருக்கு மேல் போனால் லேத்தில் முகம் எடுக்க வேண்டும். வளைந்த ஹெட்டில் புது கேஸ்கட் வைத்தால் மூன்று மாதத்தில் அதே புகை. ஆகவே துண்டுச் சீட்டில் ரேடியேட்டர் இருந்தால், அதனுடன் தெர்மோஸ்டாட், ஹோஸ்கள், ரேடியேட்டர் மூடி, கூலன்ட் ஆகியவற்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். அவற்றின் விலை ரேடியேட்டரோடு ஒப்பிட்டால் சில்லறை.

கிளட்ச்சுக்கும் இதே தர்க்கம். கியர் பாக்ஸை இறக்கும் கூலிதான் பெரிது. இறக்கிய பிறகு பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும், கிராங்க் பின்பக்க ஆயில் சீலையும் மாற்றிவிட வேண்டும். பிளேட்டை மட்டும் மாற்றி மிச்சம் பிடித்தால் அந்த மிச்சம் அடுத்த இறக்கு கூலியில் போய்விடும்.

பிஸ்டனும் வால்வும் ஒரே தாளத்தில் இயங்க வைப்பது டைமிங் பெல்ட் அல்லது செயின்; உங்கள் இன்ஜினில் எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சான்ட்ரோவிலும் பழைய மாருதி 800-இலும் பெல்ட், ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசலிலும் மாருதியின் கே வரிசை பெட்ரோல் இன்ஜின்களிலும் செயின். பெல்ட் ரப்பர் என்பதால் ஓடாமல் நின்றாலும் காயும். கடைசியாக எப்போது மாற்றியது என்று யாருக்கும் தெரியவில்லை என்றால் மாற்றவில்லை என்றே கொள்க. பல இன்ஜின்களில் அது அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து வால்வுகளை வளைத்துவிடும். அன்றைக்கு வரும் சீட்டு இந்த 48,000-ஐவிடக் கனமாக இருக்கும்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றிப் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கவலை. 2021-இல் வந்த நிதி ஆயோக் அறிக்கையே, பழைய வடிவமைப்பு கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையும் என்று மதிப்பிட்டது. ரப்பர் பெட்ரோல் ஹோஸ்களும் சீல்களும் விறைத்து விரிசல் விடலாம். எத்தனால் ஈரத்தை இழுப்பதால் மாதக்கணக்கில் நிற்கும் காரின் டேங்க் உள்ளே துருப்பிடிக்கலாம். ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், வாரம் ஒருமுறை ஓட்டுங்கள். காரை விற்க இது காரணம் ஆகாது.

பாகம் கிடைக்குமா?

விட்டுப்போன மாடல் என்றாலே பயம் வேண்டாம். மாருதி 800-இன் தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது. அதன் பாகங்கள் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கின்றன. ஃபியட்டின் 1.3 டீசலை ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, மான்சா, புன்டோ எனப் பல கார்களில் வைத்ததால், மாருதி 2020-இல் டீசலைக் கைவிட்ட பிறகும் அந்த இன்ஜின் அநாதையாகவில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., ராணே போன்ற நிறுவனங்கள் கார் கம்பெனிகளுக்குத் தரும் அதே வகைப் பாகங்களைத் தங்கள் பெயரிலும் கடைக்குத் தருகின்றன. கம்பெனிப் பெட்டிக்கும் போலிப் பெட்டிக்கும் நடுவே இப்படி ஒரு நல்ல வழி உண்டு. உதிரிபாகங்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருப்பதால், அதற்கு முன் வாங்கிய எஸ்டிமேட் கையில் இருந்தால் மறுபடி கேட்டு வாங்குங்கள்.

சிக்கல் வருவது, கம்பெனியே விற்பனையை நிறுத்திப் போன கார்களில்: 2017 முடிவோடு போன செவர்லே, 2021-இல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த ஃபோர்டு. இவற்றிலும் பிரேக் பேடும் ஃபில்டரும் கிடைக்கும். அரிதாவது ஹெட்லைட், பம்பர், கதவுக் கண்ணாடி மெஷின், சென்சார், ஈ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போன்ற அந்த மாடலுக்கென்றே செய்தவை. சென்னையில் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும், கோவையில் உக்கடத்திலும் தேடலாம். பாகத்தின் எண்ணை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், படம் காட்டினால் பக்கத்து மாடலைக் கட்டிவிடுவார்கள். பழைய பாகக் கடையில் கியர் பாக்ஸ், ஆல்டர்னேட்டர், கண்ணாடி வாங்கலாம். பிரேக், ஸ்டீயரிங், சீட் பெல்ட் சம்பந்தப்பட்ட எதையும் அங்கே வாங்கக் கூடாது. முழு இன்ஜின் மாற்றினால் புது எண்ணை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் பதியவைக்க வேண்டும். மறந்தால் அடுத்த முறை பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறக்கும்போது தெரியும்.

15 வருடம் என்ற பூச்சாண்டி

15 வருடம் ஆன காரை ஓட்டக் கூடாது என்று பலர் நம்புகிறார்கள். அது டெல்லியும் சுற்றுவட்டாரமும் சார்ந்த உத்தரவுகளிலிருந்து பரவிய பேச்சு. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருடம். பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். காலம் முடிவதற்கு 60 நாளுக்குள் படிவம் 25-இல் விண்ணப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, பசுமை வரி எல்லாம் நடப்பில் இருக்க வேண்டும். கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600-லிருந்து 5,000 ரூபாயானது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். தாமதமானால் மாதத்துக்கு 500 வீதம் ஏறும்.

வண்டியைக் காட்டும்போது மாட்டிக்கொள்ளும் விஷயங்கள் சாதாரணமானவை: ஒரு பக்கம் எரியாத பிரேக் லைட், பிடிக்காத ஹேண்ட் பிரேக், ஆர்.சி.யில் வெள்ளை என்றிருக்க சாம்பலாக மாறிய நிறம். சாதாரணமல்லாத ஒன்று, துரு தின்ற சேசிஸ் எண். அந்த எண் அடித்த இடத்தை முன்கூட்டியே மெதுவாகத் துடைத்து, பென்சில் தேய்த்துத் தாளில் எடுத்துப் பாருங்கள். எழுத்து விழவில்லை என்றால் ரிப்பேருக்குக் காசு போடும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பேசுங்கள். கிரைண்டரை மட்டும் அந்தப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

இன்ஷூரன்ஸில் பழைய காருக்கு முழு பாலிசி எடுப்பது பெரும்பாலும் நட்டம். 10 வருடம் தாண்டினால் உலோகப் பாகத்துக்கே 50 சதவீதம் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள். ரப்பர், பிளாஸ்டிக்குக்கு எந்த வயதிலும் பாதிதான். ரிப்பேர் செலவு பாலிசியில் எழுதிய மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியையே மொத்த இழப்பாக அறிவிப்பார்கள். 80,000 மதிப்பெழுதிய காருக்கு 60,000-தான் அந்தக் கோடு. ஒரு சுமாரான மோதல் போதும். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் என்றால் 1,000 சி.சி. வரை 2,094, அதற்கு மேல் 1,500 வரை 3,416 ரூபாய், கூடவே 18 சதவீத வரி.

இரண்டு வருடக் கணக்கு

இனி அந்த 48,000-க்கு வரலாம். கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த வண்டியோடு அடுத்த 24 மாதம் ஓட எவ்வளவு ஆகும், மாற்றினால் எவ்வளவு ஆகும்?

வைத்துக்கொண்டால்: ரிப்பேர் 48,000. வழக்கமான சர்வீஸ், டயர், பேட்டரி வகைக்கு வருடம் 15,000 வீதம் 30,000. ஆர்.சி. புதுப்பிப்பும் அதற்கான சில்லறை வேலைகளும் 12,000. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் 8,000. கார் விலை 90,000-லிருந்து 60,000-க்கு இறங்கும் நட்டம் 30,000. எதிர்பாராததற்கு 20,000. மொத்தம் 1,48,000, மாதம் சுமார் 6,200.

5 லட்ச ரூபாய்க்குப் புதுக் கார் என்றால்: அந்த விலைக்கு லைஃப் டாக்ஸ் 12 சதவீதம், 60,000. இன்ஷூரன்ஸும் பதிவும் 40,000 என்று கொள்வோம். 4 லட்சம் கடன், 9.5 சதவீதம், 5 வருடம். தவணை 8,400, முதல் இரண்டு வருட வட்டி மட்டும் 64,000. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் தேய்மான அட்டவணைப்படி மூன்றாம் வருடத்தில் 30 சதவீதம் கழியும், 1,50,000 போயிற்று. இரண்டாம் வருட இன்ஷூரன்ஸ், சர்வீஸ் 18,000. கூட்டினால் 3,32,000. வருடம் 8,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு மைலேஜ் 14-லிருந்து 19 ஆனால் 150 லிட்டர் மிச்சம். லிட்டர் 100 ரூபாய் என்று இரண்டு வருடத்துக்கு 30,000-ஐக் கழிக்கலாம். மிஞ்சுவது 3,02,000, மாதம் சுமார் 12,600.

இடைவெளி ஒன்றரை லட்சம். இந்த எண்களுக்குப் பதில் உங்கள் எண்களைப் போடுங்கள், இடைவெளி மாறும். ஆனால் பெரும்பாலும் தெரியவருவது இதுதான்: ரிப்பேர் சீட்டைப் பார்த்து அதிர்கிற நாம், தேய்மானத்துக்குச் சீட்டு வராததால் அதைப் பார்ப்பதே இல்லை. மேலே சொன்ன உதாரணத்தில், வைத்துக்கொண்ட கார் 48,000-க்குப் பதில் 2 லட்சம் கேட்டால்தான் இரண்டும் சமமாகும். தகடு அரித்த கார் அதையும் கேட்கும். தகடு தேறிய கார் கேட்பது அபூர்வம்.

கணக்குப் போடும்போது "போன மாசம்தான் 14,000 போட்டு டயர் மாத்தினேன்" என்ற வருத்தத்தைச் சேர்க்கக் கூடாது. போட்ட காசு போனதுதான். ஆனால் அந்த டயரில் மீதமிருக்கும் ஓட்டத்தைச் சேர்க்கலாம். அடுத்த இரண்டு வருடச் செலவில் டயர் வராது.

5 வருடம் ஓடிய செகண்ட் ஹேண்ட் கார் நடுவழி. தேய்மானத்தின் பெரும்பகுதியை முதல் உரிமையாளர் தாங்கிவிட்டார் என்பது லாபம், அவர் எந்தத் தண்ணீரை ஊற்றினார் என்று தெரியாது என்பது நட்டம். நம் காரின் நோய் நமக்குத் தெரியும். வருடம் 3,000 கிலோமீட்டர்கூட ஓடாத வீடுகளில் காரே இல்லாமல் வாடகை வண்டியில் போவதும் ஒரு விடைதான், கௌரவம் ஒத்துக்கொண்டால்.

எந்த ரிப்பேராலும் சேர்க்க முடியாத ஒன்று இருக்கிறது. கார்களில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரலிலும், டிரைவர் ஏர்பேக் அதே வருடம் ஜூலையிலும்தான் கட்டாயமாயின. அதற்கு முந்தைய அடிப்படை மாடல்களில் பெரும்பாலும் இரண்டும் கிடையாது. ஊருக்குள் 40-இல் ஓடும் காருக்கு 48,000 செலவழிப்பது நியாயம். வாராவாரம் குடும்பத்தோடு நான்குவழிச் சாலையில் 100-இல் போகும் காருக்கு, மேலே உள்ள கணக்கு எவ்வளவு சாதகமாக இருந்தாலும் மாற்றிவிடுவதே சரி என்று தோன்றுகிறது.

விடுவதென்றால் முழுதாக விடுங்கள்

காயலான் கடையில் எடை போட்டுக் காசு வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் வண்டி போய்விடும், பெயர் போகாது. 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது தெளிவு: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், வண்டி கைமாறியிருந்தாலும் விபத்து இழப்பீடு அவர் தலையில்தான். விற்றால் படிவம் 29, 30 போட்டுப் பெயர் மாற்றம் முடிந்ததை ஆன்லைனில் நீங்களே பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

உடைப்பதென்றால் பதிவு பெற்ற வாகன அழிப்பு நிலையத்தில் கொடுப்பது நல்லது. 2021 செப்டம்பரில் வந்த விதிகளின்படி அங்கே ஒப்படைப்புச் சான்றிதழ் தருவார்கள். அதை வைத்துப் புதுக் கார் வாங்கினால் பதிவுக் கட்டணம் கிடையாது, சாலை வரியில் 25 சதவீதம் வரை மாநிலங்கள் சலுகை தரவும் அந்த ஆண்டு வழி செய்தார்கள். எங்கே உடைத்தாலும் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யை ரத்து செய்ய வேண்டும். கடன் பதிவு இன்னும் ஆர்.சி.யில் ஒட்டிக்கொண்டிருந்தால் முதலில் வங்கியின் தடையின்மைக் கடிதமும் படிவம் 35-ம் வேண்டும். விலை பேசும்போது இரும்பு எடையோடு நிறுத்திவிடாதீர்கள். சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினமும் பலேடியமும் இருக்கின்றன. வாங்குபவருக்கு அது தெரியும்.

வண்டி கேட்டைத் தாண்டும் முன் ஃபாஸ்டேக்கை உரித்துக் கணக்கை மூடுங்கள். முழு பாலிசி வைத்திருந்தவர்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் நோ கிளெய்ம் போனஸுக்கான (இழப்பீடு கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடிக்கான) கடிதத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த போனஸ் காருடையதல்ல, உங்களுடையது. 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கலாம். மூன்று வருடத்துக்குள் எந்தக் கார் வாங்கினாலும் அதன் பிரீமியத்தில் கழித்துக்கொள்ளலாம்.